வழி தவறினால் நின்றுவிடுங்கள்

ஆனி பிறந்து மேற்கு மலையில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசியின் சாலைகளெல்லாம் குற்றாலத்தை நோக்கியே செல்வதுபோல் தோன்றும். ஞாயிறு திருப்பலி முடிந்த கையோடு, சோற்றுப் பொட்டலமும் எண்ணெய்க் குப்பியுமாக நாமும் குடும்பத்தோடு புறப்படுகிறோம். நாம் நீராடும் பேரருவிக்கு மேலே செண்பகாதேவி அருவியும், அதற்கும் மேலே தேனருவியும், அவற்றைச் சுற்றி அடர்ந்த காடும் இருக்கின்றன என்பதை அந்தக் களிப்பில் எண்ணிப் பார்ப்பதில்லை. குரங்கைத் துரத்திக்கொண்டு ஓடும் சிறுவன் சிறிது தொலைவு மரங்களுக்குள் புகுந்தால் போதும். திரும்பிப் பார்க்கையில் எல்லாப் பக்கமும் ஒன்றாகவே தெரியும். வனத்துறையின் தடையை மீறி மலையேறும் இளைஞர்களுக்கோ ஆபத்து இன்னும் பெரிது.

வழி தவறியவர் முதலில் செய்வது என்ன? வேகமாக நடப்பது. "இன்னும் கொஞ்சம் போனால் பாதை வந்துவிடும்" என்று அச்சம் அவரை உந்துகிறது. ஆனால் அவர் நேராகவா நடக்கிறார்? ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்கள் சிலரைக் காட்டில் நடக்கவிட்டுச் சோதித்து, 2009-ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். வெயில் அடித்தபோது நேராக நடந்தவர்கள், மேகம் சூரியனை மறைத்த நாளில் தம்மை அறியாமலே வட்டமிட்டு, நடந்த தடத்திற்கே திரும்பி வந்தார்கள். சாரல் காலத்துக் குற்றாலத்தில் சூரியனை எங்கே தேடுவது?

"ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் ஊர் வந்துவிடும்" என்பது நாம் கேட்டுப் பழகிய மற்றோர் அறிவுரை. வேறிடத்தில் அது உதவலாம். ஆனால், குற்றால மலையில் ஓடை இறங்கும் வழியே அருவிதான்! சிற்றாறு ஏறத்தாழ 60 மீட்டர் உயரப் பாறையிலிருந்து பேரருவியாக விழுகிறது. ஓடையை நம்பி இறங்குபவர் பாசி படிந்த பாறை விளிம்பில்தான் போய் நிற்பார். மேலும், மலைமேல் பெய்யும் மழை, கீழே எச்சரிக்கை ஏதுமின்றி வெள்ளமாக வந்து சேரும். 2024 மே 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஓர் இளம் மாணவனின் உயிரைப் பறித்துச் சென்றதை நாம் மறக்கலாகாது.

அப்படியானால் என்ன செய்வது? நின்றுவிட வேண்டும்.

2024 நவம்பர் இறுதியில், கேரளத்தின் குட்டம்புழைக் காட்டில், காணாமற்போன பசுவைத் தேடிச் சென்ற மூன்று பெண்கள் யானைகளைக் கண்டு அஞ்சி விலகியதில் வழி தவறினார்கள். இருட்டியபின் அலையாமல், மூவரும் ஒரு பெரிய பாறையின்மேல் ஒன்றாக அமர்ந்து இரவெல்லாம் விழித்திருந்தார்கள். மறுநாள் காலை தேடுதல் குழுவினர் அவர்களை நலமாக மீட்டார்கள். இடம்விட்டு இடம் ஓடிக்கொண்டிருப்பவரைத் தேடுவதினும் ஓரிடத்தில் இருப்பவரைக் கண்டுபிடிப்பது எளிதன்றோ!

நிற்கும் இடம் நீரோட்டத்தைவிட்டு விலகி, மேடாக, கண்ணில் படும்படி இருக்கட்டும். அருவி இரைச்சலில் குரல் எட்டாது. தொண்டை வறளக் கத்துவதைவிட, மும்மூன்று முறையாக விட்டுவிட்டு விசில் ஊதுவது நன்று. நிறம் பளிச்சென்ற துண்டையோ சேலையையோ கிளையில் கட்டுங்கள். சாரலும் காற்றும் சேர்ந்தால் ஈர உடை உடற்சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே வெறும் பாறையில் படுக்காமல் தழைகளைப் பரப்பி, ஒருவரோடொருவர் நெருங்கி அமருங்கள். பெயர் தெரியாத கனியைத் தின்னாதீர்கள். கைப்பேசியில் 112 எண்ணை அழைத்துப் பாருங்கள். நம் நிறுவனத்தின் சமிக்ஞை இல்லாவிடினும், வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அழைப்பு செல்லக்கூடும். பின்னர் மின்கலத்தைச் சிக்கனமாகச் செலவிடுங்கள்.

வெளியே இருக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையைக் காணவில்லையெனில் ஆளுக்கொரு திசையில் காட்டுக்குள் பாயாதீர்கள். தேடப்பட வேண்டியவர் தொகைதான் கூடும். கடைசியாகப் பார்த்த இடத்தில் ஒருவர் நிற்க, மற்றவர் உடனே காவல்துறைக்கும் வனத்துறைக்கும் தெரிவிக்கட்டும். "திட்டுவார்களே" என்று தயங்கும் ஒவ்வொரு நாழிகையும் இருளை நெருங்கச் செய்கிறது.

1981-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பலோமார் மலையில் வழி தவறிய ஒன்பது வயதுச் சிறுவன் சில நாட்களுக்குப்பின் உயிரற்ற உடலாகவே கிடைத்தான். அத்துயரத்திலிருந்து பிறந்தது, குழந்தைகளுக்கான எளிய பாடம் ஒன்று: வழி தவறினால் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே நில்.

இவ்வாண்டு குற்றாலம் புறப்படுமுன், எண்ணெய்க் குப்பியோடு ஒரு விசிலையும் எடுத்துப் பிள்ளையின் கழுத்தில் மாட்டுவோம். எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்று அண்டை வீட்டாரிடம் சொல்லிச் செல்வோம். அதற்கும் மேலாக, பிள்ளைகளிடம் இதைச் சொல்வோம்: "நீ வழி தவறினால் நாங்கள் கோபிக்கமாட்டோம். தேடி வருவோம். நாங்கள் வரும்வரை அங்கேயே நில்." அந்த உறுதி உள்ளத்தில் பதிந்த பிள்ளைக்குத்தான் ஓடாமல் நிற்கும் துணிவு வரும்.