ஹார்லெம் போதகர் பிரவுன்

கடவுள் ஒருவரே, மாந்தர் யாவரும் அவர் மக்களே, மத விஷயத்திலும் பகுத்தறிவுக்கே முதலிடம் என்று உபதேசித்துவந்த யூனிடேரியன் சபையார், அமெரிக்காவில் கல்வியாலும் சீர்திருத்த நோக்கத்தாலும் பெயர் பெற்றவர்கள். ஆயினும் அவர்கள் போற்றிய சகோதரத்துவம் நிறத்தின் எல்லையைத் தாண்ட எத்தனை காலம் தயங்கிற்று என்பதை அறிய விரும்புவோர், எக்பர்ட் எத்தெல்ரெட் பிரவுனின் சரித்திரத்தைப் பார்த்தால் போதும்.

1875இல் ஜமைக்காத் தீவின் பால்மத் நகரில் கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்த பிரவுன், இளமையில் ஓர் ஈஸ்டர் ஞாயிறன்று பாடகர் குழுவில் நின்றபோது, மூவரும் ஒரே கடவுள் என்று விசுவாசப் பிரமாணம் கூறும் திரித்துவக் கணக்கு புத்திக்கு எட்டாமற்போகவே பாடுவதை நிறுத்திக்கொண்டார். பிற்காலத்தில் அரசாங்க உத்தியோகத்தை இழந்தபின், போதகராகும் விருப்பத்தோடு பென்சில்வேனியாவின் மீட்வில் வேதசாஸ்திரக் கலாசாலைக்கு விண்ணப்பித்தார். அமெரிக்காவில் கறுப்பருக்கென்று யூனிடேரியன் சபை எதுவுமில்லை, வெள்ளையர் சபைகளோ வெள்ளைப் போதகரையே வேண்டும் என்று கலாசாலைத் தலைவர் வெகு மரியாதையாகப் பதில் எழுதினார். (1795இலேயே சென்னையில் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் இதே கொள்கைக்கு ஒரு சபை கண்டிருந்தார் என்பதை இங்கே நினைத்துக்கொள்வது தகும்.) அந்தப் பதிலுக்கு அஞ்சாமல் பிரவுன் 1910இல் கலாசாலையில் சேர்ந்தார், 1912இல் குருப்பட்டமும் பெற்றார்.

ஜமைக்காவில் மான்டிகோ பே, கிங்ஸ்டன் ஆகிய ஊர்களில் அவர் தொடங்கிய ஊழியம், வெளிநாட்டு யூனிடேரியன் சங்கங்களின் பொருளுதவி நின்றதும் தளர்ந்தது. 1920இல் நியூயார்க்கின் ஹார்லெமுக்குக் குடிபெயர்ந்து, மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த தொழிலாளரும் சோஷலிஸ்டுகளும் கூடுமிடமாக ஒரு சபையை நிறுவினார். பிரசங்கம் முடிந்ததும் கேட்டவர்கள் எழுந்து மறுத்துப் பேசலாம் என்பது அங்கே வழக்கம். ஆராதனையும் அரசியல் விவாதமும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. தம் கொள்கையைச் சொல்லில் மட்டுமன்றிக் கூட்டத்தின் அமைப்பிலும் அவர் கொண்டுவந்தார் என்பதே என் கருத்தில் அவருடைய பெரும் சாதனை. அந்தச் சபை அவருக்கு வயிற்றுப்பாட்டுக்குப் போதிய சம்பளம் கொடுத்ததில்லை. வாரநாளில் லிப்ட் இயக்கியும், சோஷலிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வேலை பார்த்தும் பிழைத்தவர், ஞாயிறு தோறும் பிரசங்க மேடை ஏறினார்.

அமெரிக்க யூனிடேரியன் சங்கம் 1929இல் போதகர் பட்டியலிலிருந்தே அவர் பெயரை நீக்கிற்று. உதவி கேட்டு ஓயாமல் கடிதம் எழுதிய ஏழைப் போதகர் சங்கத்தாருக்குத் தொல்லையாகத் தோன்றியிருக்கக்கூடும். நியாயம் கேட்பவன் எங்கும் தொல்லைதானே! அமெரிக்கக் குடியுரிமைச் சுதந்திர சங்கத்தின் துணையோடு அவர் வாதாடி, 1935இல் பெயரைத் திரும்பச் சேர்க்கச் செய்தார். மறு ஆண்டே ஜமைக்கா முற்போக்குக் கழகத்தைத் தொடங்குவதில் முன்னின்று, தாயகத்தின் சுயாட்சிக்காகப் பாடுபட்டார்.

பிரவுன் 1956இல் காலமானார். ஜமைக்கா 1962இல் விடுதலை பெற்றது. யூனிடேரியரும் யூனிவர்சலிஸ்டுகள் என்ற மற்றொரு சபையாரும் 1961இல் ஒன்றாகி அமைத்த சங்கத்துக்கு, வில்லியம் சின்க்ஃபோர்டு என்ற கறுப்பினப் போதகர் முதன்முறையாகத் தலைவராக 2001ஆம் ஆண்டில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார்.