உங்களுக்குத் தெரியுமா? அழுகைக்கும் தாளம் உண்டு

● வத்திராயிருப்புப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு சாவு விழுந்தால், பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். எழுதி வைத்த பாட்டு கிடையாது. இறந்தவர் நட்ட தென்னை, வெட்டிய கிணறு, எடுத்துக் கொடுத்த சேலை எல்லாம் அந்த நேரத்திலேயே அடியடியாக வந்து விழும். ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் இழுவையைப் பிடித்துக்கொள்வார்கள். வாசலிலோ தப்பும் உறுமியும் முழங்க இளவட்டங்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். அதை மரியாதைக் குறைவு என்று முகம் சுளிப்பவர்களுக்கு அந்தத் துக்கம் புரியவில்லை.

● உறுமிக்கு இரண்டு முகம். ஒன்றைக் குச்சியால் அடிப்பார்கள். மற்றதை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். நெஞ்சைப் பிசையும் அந்த முனகல் தேய்ப்பில்தான் பிறக்கிறது.

● ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மண முழவு. ஒரே ஊரில் இரண்டையும் கேட்டுக் கலங்கியவர் பக்குடுக்கை நன்கணியார் (புறநானூறு 194).

● 1978இல் போனி எம் குழு பாடி உலகமே ஆடிய ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ ஓர் அழுகைப் பாட்டு! அதை முதலில் ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு 1970இல் பாடியது. சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தாயகத்தை நினைத்து அழும் பைபிளின் 137ஆம் சங்கீதம்தான் அதன் கரு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் அதைத் தங்கள் கதையாகவே பாடினார்கள்.

● கிங்ஸ்டனில் ரேடியோ ரிப்பேர் செய்துவந்தவர் கிங் டப்பி. 1970களில், பதிவான பாட்டிலிருந்து குரலை உருவிவிட்டு, பேஸையும் டிரம்ஸையும் மட்டும் ஓடவிட்டார். நடுவே ஒரு சொல் எதிரொலித்துத் தேய்ந்து மறையும். ஆளில்லாத வீட்டில் யாரோ பேசுவதுபோல் இருக்கும். இதுதான் ‘டப்’.

● ஜமைக்கா இசைக்குச் சோகமான மெட்டுகளைத் தந்த டிராம்போன் கலைஞர் டான் டிரம்மண்ட், 1965 ஜனவரியில் தன் காதலியைக் கொன்றார். மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டு 1969இல் அங்கேயே இறந்தார். அவர் புகழைச் சொல்லும்போது அந்தப் பெண்ணையும் சொல்ல வேண்டும்: மார்கரிட்டா, நடனக் கலைஞர்.

● முகாரி ராகம் என்றாலே அழுகை என்கிறோம். தியாகராஜர் சபரியின் பாக்கியத்தை வியந்து பாடியதும் முகாரியில்தான்.

● 2021இல் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’க்குள்ளும் ஒப்பாரி இருக்கிறது. பாடகர் அறிவு அதில் நினைத்துப் பாடும் தன் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அந்தப் பாட்டுக்கும் கல்யாண வீடுகளில் ஆடுகிறோம்.