மேட்டுப்பாதையில் பிக்கப் வண்டியும் நாற்சக்கர இயக்கமும்

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஓரகடம் வரையுள்ள பிரதேசம் மோட்டார்த் தொழிலுக்குப் பேர்பெற்றது. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் துவக்கியது. 2010-இல் ஓரகடத்தில் ரெனோ, நிஸ்ஸான் கூட்டாலை திறக்கப்பட்டது. ஆயினும் இவ்வாலைகளுக்கு இடையிடையே ஏரிப்பாசன நிலங்கள் இன்றும் சாகுபடியில் இருந்து வருகின்றன. முன்னர் மாட்டுவண்டி செய்து வந்த வேலையில் பெரும்பகுதியை இப்பொழுது பிக்கப் என்னும் சிறு பாரவண்டி செய்கின்றது. எரு, விதை, ஏரி வண்டல், காய்கறி முதலியன அதில் ஏறிச் செல்கின்றன. ஏலகிரி, ஜவ்வாது, கொல்லிமலை முதலிய மலைகளிலிருந்து விளைபொருள் ஏற்றி வருவதும் உண்டு.

இவ்வண்டிகளில் பலவற்றில் யந்திரத்தின் விசை பின்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே செல்லும். சிலவற்றில், வேண்டும்போது முன்சக்கரங்களுக்கும் அவ்விசையைச் செலுத்தும் ஏற்பாடு உண்டு. ஆந்திரப் பிரதேசத்து ஸ்ரீசிட்டியில் 2016-இல் திறக்கப்பட்ட இசுஸு ஆலையிலிருந்து வரும் வி-கிராஸ் வண்டிகளில் இவ்வகை உண்டு. இதுவே நாற்சக்கர இயக்கம் எனப்படும். இவ்வேற்பாடுள்ள வண்டியை வாங்கியவர் பலரும் அதனைப் பூட்ட வேண்டிய இடத்தில் பூட்டாமலும், விலக்க வேண்டிய இடத்தில் விலக்காமலும் விடுகின்றனர். முதலாவதினால் வண்டி சரிவில் பின்னோக்கி வழுக்கும். இரண்டாவதினால் வண்டியின் உறுப்புகள் கெடும். ஆகவே இதன் உபயோகத்தைச் சற்று விரிவாக அறிந்துகொள்ளுதல் நலம்.

எந்தப் பாதைக்கு இது வேண்டும்?

மலை என்றவுடன் நாற்சக்கர இயக்கம் வேண்டும் என்று எண்ணுவது தவறு. செங்குத்தான மலைப்பகுதிகளில் போடப்படும் சாலை சாதாரணமாக 100 அடிக்கு 6 அடிக்கு மேல் ஏறலாகாது என்றும், தவிர்க்க முடியாத இடங்களில் 8 அடி வரை ஏறலாம் என்றும் இந்திய சாலைக் காங்கிரஸ் விதித்துள்ளது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதற்குக் காரணமும் இதுவே. ஏற்றத்தைக் குறைக்கும் பொருட்டுப் பாதையை வளைத்து வளைத்து நீட்டியிருக்கின்றனர். இத்தகைய தார்ச்சாலையில் அளவான சுமையுடன் ஏறுவதற்குப் பின்சக்கரங்களே போதும்.

நாற்சக்கர இயக்கம் வேண்டியிருப்பது, தார்ச்சாலை முடிந்து தோட்டத்துக்குத் திரும்பும் மண்பாதையிலேயாம். சமவெளியிலும் அத்தகைய இடம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் ஏரிக்கரை மேல் ஏறும் சாய்வுப்பாதையும், வண்டல் ஏற்றிக்கொண்டு ஏரியின் உட்புறத்திலிருந்து வெளியேறும் வழியும் மலைப்பாதைக்குச் சற்றும் குறைந்தவையல்ல.

ஒரு கணக்கு

வண்டியும் சுமையும் சேர்ந்து 3,000 கிலோ எடை என்று கொள்வோம். 6 அடி நீளத்துக்கு 1 அடி உயரும் சரிவில் அவ்வெடை வண்டியைச் சுமார் 500 கிலோ விசையுடன் கீழ்நோக்கி இழுக்கும். எடையில் 1,800 கிலோ பின்சக்கரங்களின் மேல் இருப்பதாகவும், ஈரமண் தன்மேல் அழுந்தும் எடையில் நாலில் ஒரு பங்குக்கே பிடிப்புக் கொடுப்பதாகவும் வைத்துக்கொண்டால், பின்சக்கரங்களுக்குக் கிடைக்கும் பிடிப்பு 450 கிலோவேயாகும். வண்டி ஏறாது, சக்கரங்கள் சுழன்று குழி பறிக்கும். நான்கு சக்கரங்களும் இழுக்குமாயின் 3,000 கிலோவும் பிடிப்புக்கு உதவும். பிடிப்பு 750 கிலோவாகும். வண்டி ஏறிவிடும்.

இதிலிருந்து அறிய வேண்டியது யாதெனில், நாற்சக்கர இயக்கம் யந்திரத்தின் பலத்தைக் கூட்டுவதன்று; தரையின் பிடிப்பை முழுவதும் பயன்படுத்தச் செய்வதேயாகும். வண்டி தாங்கக்கூடிய பாரத்தையும் அது கூட்டுவதில்லை.

பூட்டும் முறை

நாற்சக்கர இயக்கமுள்ள பிக்கப்புகளில் சாதாரணமாக மூன்று நிலைகள் குறிக்கப்பட்டிருக்கும். 2எச் என்பது பின்சக்கர ஓட்டம். 4எச் என்பது சாதாரண வேகத்தில் நாற்சக்கர ஓட்டம். 4எல் என்பது நான்கு சக்கரங்களும் மெதுவாகவும் மிக்க இழுவிசையுடனும் ஓடுவது. இந்நிலையில் வேகம் சுமார் இரண்டரைப் பங்கு குறைந்து, அவ்வளவுக்கு இழுவை கூடும்.

சக்கரம் சுழன்று புதைந்த பின் 4எச்சைப் பூட்ட முயலுதல் கூடாது. சரிவுக்கு முன்னரே, உறுதியான சமதரையில் பூட்டிக்கொள்ளுதல் வேண்டும். ஓடும் வண்டியில் பூட்டலாமா, எந்த வேகம் வரை பூட்டலாம் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். வண்டியுடன் வந்த கைப்புத்தகத்தைப் பார்த்து நடப்பதே முறை.

4எல் நிலைக்கு மாற்றும்போது எச்சரிக்கை மிகுதியும் வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இதற்கு வண்டியை அறவே நிறுத்திக் கிளச்சை அழுத்துதல் அவசியம். 4எச்சிலிருந்து 4எல்லுக்குச் செல்லும் வழியில் சில வண்டிகளின் டிரான்ஸ்பர் கியர் பெட்டி நியூட்ரல் நிலையைக் கடக்கின்றது. அப்பொழுது முதல் கியரில் போட்டிருந்தாலும் யந்திரத்துக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பு அற்றுவிடும். சரிவில் நின்றுகொண்டு இம்மாற்றத்தைச் செய்பவர், கியர் வண்டியைத் தாங்கிக்கொள்ளும் என்று நம்பிக் காலை எடுத்தால், வண்டி பின்னோக்கி உருளும். ஆகையால் சமதரையில், கைப்பிரேக்கு இழுத்த நிலையில் மட்டுமே 4எல்லுக்கு மாற்றுதல் வேண்டும்.

தார்ச்சாலையில் விலக்குக

வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் செல்கின்றன. நாற்சக்கர இயக்கம் பூட்டிய பிக்கப்பில் முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில் சுழலுமாறு பிணைக்கப்படுகின்றன. சேற்றில் ஏதேனும் ஒரு சக்கரம் சற்று வழுக்கி இவ்வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் அவ்வாறு வழுக்க இயலாமையால், முறுக்கு அச்சுகளிலும் கியர்ப் பெட்டியிலும் சேர்கின்றது. ஸ்டியரிங் கனத்தல், திரும்பும்போது வண்டி தடுமாறுதல், டயர் தேய்தல், நெம்புகோல் வெளிவராமல் சிக்கிக்கொள்ளுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். நெம்புகோல் சிக்கினால், சமதரையில் வண்டியைச் சில கெஜ தூரம் நேராகப் பின்னுக்கு ஓட்ட, முறுக்கு விடுபட்டு அது வெளிவரும். அச்சுகளுக்கிடையே டிபரன்ஷியல் வைத்து, எப்பொழுதும் நான்கு சக்கரங்களும் ஓடுமாறு அமைந்த வண்டிகளுக்கு இவ்விதி பொருந்தாது.

இறக்கம்

ஏற்றத்தைக் காட்டிலும் இறக்கமே ஆபத்தானது. எண்ணெய் மிச்சமாகும் என்று கருதி நியூட்ரலில் விட்டு இறங்கும் வழக்கத்தை அறவே ஒழித்தல் வேண்டும். அவ்வாறு இறங்கினால் சுமை முழுவதையும் பிரேக்கே தாங்கவேண்டியிருக்கும். நெடுந்தூரம் அழுத்தப்பட்ட பிரேக்கு சூடேறிப் பிடிப்பிழக்கும். தார்ச்சாலையில் 2எச்சிலேயே, ஏறுவதற்கு உபயோகித்த கியரில் இறங்குதல் பொதுவான விதி.

மண்சரிவில் இறங்கும்போது எடை முன்சக்கரங்களின் மேல் சாய்ந்து பின்சக்கரங்கள் இலேசாகின்றன. அந்நிலையில் யந்திரத்தின் தடை பின்சக்கரங்களுக்கு மட்டும் செல்லுமாயின் வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் வழுக்கும். 4எல்லில், முதல் அல்லது இரண்டாம் கியரில், கிளச்சை மிதிக்காமல் இறங்கினால் அத்தடை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து செல்லும்; வண்டி நிதானமாக இறங்கும். ஆயினும் வேகமாக வந்து பிரேக்கு போடும்போது நாற்சக்கர இயக்கம் வண்டியை விரைவில் நிறுத்தித் தராது என்பதை மறத்தலாகாது.

ஏற்றத்தில் யந்திரம் நின்றுவிட்டால், கால்பிரேக்கை அழுத்திக்கொண்டு, பின்னோட்டக் கியரைப் போட்டு, நேராகவே பின்னுக்கு இறங்குதல் வேண்டும். சரிவின் குறுக்கே திருப்பினால் வண்டி கவிழும்.

சுமையும் ஆட்களும்

கனமான மூட்டைகளை அடியிலும் ஓட்டுநர் அறையை ஒட்டியும் வைத்தல் வேண்டும். பின்கதவை ஒட்டி அடுக்கினால் ஏற்றத்தில் முன்சக்கரங்கள் இலேசாகி, அவற்றுக்கு விசை சென்றும் பயனில்லை. ஸ்டியரிங்கும் கட்டுக்கு அடங்காது. சுமையின் மேல் ஆட்களை ஏற்றலாகாது. சரிவில் நிற்கும் வண்டியின் பின்னே நின்று கல் வைப்பது உயிருக்கு ஆபத்து. நீண்ட பிடி போட்ட மரக்கட்டையை, பக்கத்தில் நின்றவாறு சக்கரத்தின் கீழ்ச் செலுத்துதல் வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது

வண்டல் எடுக்க அனுமதி வழங்கப்பட்ட ஏரிகளில் பல வண்டிகள் ஒரே சாய்வுப்பாதையில் ஏறி இறங்கும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நாற்சக்கர இயக்கம் கிடையாது. மேற்சொன்ன கணக்கில் சரிவை 6-க்கு 1 என்பதிலிருந்து 10-க்கு 1 என்று குறைத்தால், கீழ்நோக்கிய இழுப்பு 500 கிலோவிலிருந்து 300 கிலோவாகக் குறையும். பின்சக்கரங்களின் 450 கிலோ பிடிப்பே அதற்குப் போதும். 10 அடி உயரமுள்ள கரைக்கு 60 அடிப் பாதைக்குப் பதிலாக 100 அடிப் பாதை அமைத்தாற் போதுமானது. அதைக் கரையை வெட்டி அமைக்கலாகாது. வெட்டினால் கரை பலவீனமாகி மழைக்காலத்தில் உடைப்பெடுக்கும். நீர்வளத்துறையாரைக் கலந்துகொண்டு, வெளியிலிருந்து சரளை மண் கொணர்ந்து கரையின்மேல் அணைத்து அமைத்தல் வேண்டும். மழை பெய்த மறுதினம் பாதை காயும் வரை பாரவண்டிகளை நிறுத்திவைப்பதும், ஏறும் வண்டி கரைமேல் சேரும்வரை அடுத்த வண்டியைக் கீழேயே நிற்கச் செய்வதும் ஊராட்சியாரால் எளிதில் ஆகக்கூடிய காரியங்கள். இவற்றை வண்டல் எடுக்கத் துவங்குமுன்பே ஏற்பாடு செய்துகொள்ளுதல் உசிதம்.