மாமிக்கும் எனக்கும் ஒரே 'டு லெட்' போர்டு!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தலையில் எண்ணெய் சொட்ட, கையில் சீயக்காய்த் தூளோடு பாத்ரூமுக்குக் கிளம்பின நேரத்தில், மாடிப்படியிலிருந்து வீட்டுக்கார மாமியின் குரல்.

"ஏம்ப்பா, கொஞ்சம் மேல வந்துட்டுப் போறியா?"

சென்னையில் வாடகைக்குக் குடியிருப்பவனுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும், வயிற்றுக்குள் மிக்ஸி ஓடும். வாடகை ஏற்றமா? மோட்டார் ரிப்பேரா? போன வாரம் வந்து தங்கின நண்பனைப் பற்றிய புகாரா?

மூன்றும் இல்லை. "பையன் அமெரிக்காலேர்ந்து பேசினான். வீட்டை பில்டர்கிட்ட குடுத்துடலாம்கறான். மூணு மாசத்துல காலி பண்ணணுமாம். நீ எங்கப்பா போவே?"

மேற்கு மாம்பலத்தில் ஒரு கிரவுண்டில் நிற்கிற பழைய மாடி வீடு. முன்னால் மாமரம், பின்னால் கிணறு. மாமா மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர். பி.எஃப். பணம், ஆபீஸ் கடன், மாமியின் வளையல் எல்லாம் சேர்ந்து எழும்பின சுவர்கள் அவை. மாமா போய் ஆறு வருஷமாகிறது. மாமிக்கு வயசு 76. மாடியில் மாமி, கீழே நான். நடுவே இருபது படிகளும் மாமியின் முழங்கால் வலியும்!

மறுநாளே வீடு தேடி இறங்கினேன். தெருவுக்குத் தெரு கண்ணில் பட்டது பூட்டுதான். ஆள் இல்லாத வீடு, இல்லையென்றால் பெரிய வீட்டில் ஒற்றைப் பெரியவர்.

"அதெல்லாம் கேக்காதீங்க சார்" என்றார் புரோக்கர். "பையன் கனடா, பொண்ணு சிங்கப்பூர். பெரியவர் விக்கவும் மாட்டார், வாடகைக்கு விடவும் மாட்டார்."

இது மாம்பலத்து விசேஷம் மட்டுமல்ல. 2011 ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் காலியாகக் கிடந்த வீடுகள் சுமார் 1.11 கோடி! அடுத்த வருஷமே மத்திய அரசின் நிபுணர் குழு, நகரங்களில் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்றது. அதில் மிகப் பெரும்பகுதி ஏழைகளுடையது. ஆக, வீடு இல்லாத ஆள் ஒரு பக்கம், ஆள் இல்லாத வீடு மறுபக்கம்!

பெரியவர்கள் ஏன் பூட்டி வைக்கிறார்கள்? மாமியையே கேட்டேன்.

"பயம்ப்பா" என்றார். நியாயம்தான். 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் குடியிருப்பவரைக் கிளப்ப வருஷக்கணக்கில் கோர்ட் படியேறின கதைகள் அந்தத் தலைமுறைக்கு அத்துபடி. 2017-ல் புதுச் சட்டம் வந்து, 2019 பிப்ரவரியில் அமலுக்கும் வந்துவிட்டது. சட்டம் மாறிய வேகத்தில் பயம் மாறவில்லை.

இரண்டாவது காரணம், வரவு. கோடி ரூபாய் பெறுமான வீட்டுக்கு மாசம் 25,000 வாடகை வந்தால், வருஷத்துக்கு மூணு லட்சம். அதாவது மூணு பர்சென்ட். பாங்க்கில் போட்டால் இதைவிட அதிகம் வரும். பென்ஷன் வருகிறவருக்கு, இந்த மூணு பர்சென்ட்டுக்காக முன்பின் தெரியாதவனை உள்ளே விட்டுப் பைப் ஒழுகலுக்கெல்லாம் பதில் சொல்ல மனசு வருமா?

மூன்றாவது காரணம், வாரிசு. மாமா உயில் எழுதவில்லை. 1956 இந்து வாரிசுச் சட்டப்படி மாமி, பையன், பெண் மூவருக்கும் சம பங்கு. மூன்று கையெழுத்தும் சேர்ந்தால்தான் பத்திரம் நகரும். சிங்கப்பூரிலிருக்கும் பெண்ணைச் சம்மதிக்க வைக்கவே இரண்டு வருஷம் ஓடிவிட்டதாம்.

ஆபீஸ் டீக்கடையில் நண்பன் ஒரு தியரி வைத்திருந்தான். "பொறுத்திருடா! பெருசுங்க காலத்துக்கப்புறம் எல்லா வீடும் ஒண்ணா மார்க்கெட்டுக்கு வரும். விலை தடால்னு விழும். நாம வாங்கிடலாம்!"

டீ ஆறுவதற்குள் தியரியும் ஆறிப் போனது. அத்தனை வீடும் ஒரே நாளில் வரப்போவதில்லை. ஒவ்வொரு கையெழுத்தாக, ஒவ்வொரு கேஸாகத்தான் வரும். வந்தாலும் வீடாக வராது, மனையாகத்தான் வரும். பில்டர் இடித்து, நாலைந்து ஃப்ளாட்டாக அடுக்கி, பாதியை மனைக்காரருக்குக் கொடுத்துவிட்டு மீதியைப் புது விலைக்கு விற்பார். வீடுகளின் எண்ணிக்கை கூடும், நிஜம். ஆனால் மாம்பலத்தில் மண் கூடாதே! நமக்குக் கிடைப்பது 'பிரிக்கப்படாத பங்கு' என்று பத்திரத்தில் எழுதின நாலு முழம் மண்தான்.

80 லட்சம் கடன் வாங்கினால், எட்டரை பர்சென்ட் வட்டியில் இருபது வருஷத்துக்கு மாசத் தவணை சுமார் 69,000. என் சம்பளத்தை இங்கே எழுதி மானத்தை வாங்கிக்கொள்ள விருப்பமில்லை!

போகட்டும், மாமி கதைக்கு வருகிறேன். "நான் எங்கேயாவது மேன்ஷன்ல ஒண்டிப்பேன். நீங்க எங்க போவீங்க மாமி?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரெண்டு வருஷம் வாடகை வீடாம். பில்டர் வாடகை குடுப்பானாம். எனக்கு வீடு பார்க்கத் தெரியாதேப்பா!"

அடுத்த ஞாயிறு இருவரும் ஒரே ஆட்டோவில் கிளம்பினோம். முதல் வீட்டில் என்னைப் பார்த்து, "பேச்சிலருக்குத் தர்றதில்ல." மாமியைப் பார்த்து, "வயசு என்னம்மா? கூட யார் இருக்கா? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நாங்க யாரைத் தேடறது?" முப்பது வருஷம் குடித்தனக்காரர்களைக் கேள்வி கேட்ட மாமி, புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு பதில் சொன்னார். எனக்குத்தான் பார்க்க முடியவில்லை.

இரண்டாவது வீட்டில் பத்து மாச அட்வான்ஸ் கேட்டார்கள். "புதுச் சட்டம் மூணு மாசம்கறதே" என்றேன். வீட்டுக்காரர் சிரித்தார். "அப்போ சட்டத்துகிட்டயே வீடு கேளுங்க தம்பி!"

திரும்பும் வழியில் மாமி மெதுவாகச் சொன்னார். "என் பங்கையும் பையன் பேர்லயே செட்டில்மென்ட் எழுதிடச் சொல்றான். எழுதிடட்டுமா?"

ஆபீஸ் நண்பன் ஒருவனின் வக்கீல் அண்ணனிடம் கூட்டிப் போனேன். அவர் சொன்னது எல்லா வீட்டுக்கும் உதவும். எழுதுவதானால், ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையைப் பத்திரத்தில் தக்க வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் தெளிவாக எழுத வேண்டும். அப்படி எழுதினால், கவனிக்காமல் விட்டபோது 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவின்படி தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம்.

"பையன்கிட்ட போய் நிபந்தனையா?" என்றார் மாமி.

"பாசம் மனசுல இருக்கட்டும், நிபந்தனை பத்திரத்துல இருக்கட்டும்மா" என்றார் வக்கீல். மாமி எழுதவில்லை. புது ஃப்ளாட்டில் ஒன்று தன் பேரில் என்று பையனிடம் சொல்லிவிட்டார். இரண்டு நாள் போன் வரவில்லை. மூன்றாம் நாள், "சரிம்மா" என்று வந்தது.

ஐந்தாவது வீட்டில் மாமிக்கு ஒரு யோசனை. "கீழ் போர்ஷன் எனக்கு, மாடி ரூம் இந்தப் பிள்ளைக்கு. எனக்கு ஏதாவதுன்னா இவன் பார்த்துப்பான். இவனை நான் பார்த்துக்கறேன்!" தனித்தனியே தள்ளுபடியான நாங்கள் ஜோடியாகப் பாஸாகிவிட்டோம். புரோக்கர் மட்டும் இருவரிடமும் தனித்தனியாகக் கமிஷன் வாங்கிக்கொண்டார்.

இந்த வாரம் பால் காய்ச்சினோம். மாமிக்குப் படி ஏறும் வேலை இல்லை. நான் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டே புது வீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

அவருக்கு வயசு 74. ஒரே பையன், ஆஸ்திரேலியாவில்.

"ஏம்ப்பா, கொஞ்சம் வந்துட்டுப் போறியா?" எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்!