பிள்ளை வளர்ந்தது, வண்டி வளரவில்லை

எங்கள் கருமத்தம்பட்டி மதரஸாவில் மாலை நேரத்தில் ஓத வரும் பிள்ளைகளுள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருக்கிறாள். அரபி எழுத்துகளை மணிமணியாக எழுதக்கூடியவள். சென்ற ஆண்டு சில வாரங்களாக அவளுடைய கையெழுத்து கோணத் தொடங்கிற்று. ஸீன் எழுத்தின் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டின. எழுதுகோல் விரலிலிருந்து நழுவிற்று. கவனக் குறைவு என்றெண்ணிக் கடிந்துகொண்டேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

"சைக்கிளில் வந்து இறங்கினால் உள்ளங்கை மரத்துப்போகுது, ஹஜ்ரத். சுண்டுவிரல் பக்கம் உணர்ச்சியே இல்லை" என்றாள் அவள்.

விசாரித்தபோது, "பெண்பிள்ளைக்குச் சைக்கிள் ஒத்துவரவில்லை, நிறுத்திவிடலாம்" என்ற பேச்சு வீட்டில் எழுந்திருந்தது தெரிய வந்தது. தந்தை விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்ப்பவர். நாள்தோறும் கொண்டுபோய் விட அவரால் இயலாது. சைக்கிள் நின்றால் முதலில் மதரஸா நிற்கும்; நாளடைவில் பள்ளிக்கூடமும் நிற்கும். இது எத்தனையோ குடும்பங்களில் நாம் கண்ட கதைதானே!

நானும் அவள் தந்தையும் வண்டியைச் சோமனூர் சாலையில் உள்ள ஒரு சைக்கிள் கடைக்குத் தள்ளிச் சென்றோம். வயது முதிர்ந்த கடைக்காரர் ஒருமுறை பார்த்தார். "பாய், சீட்டை ஏத்தினீங்க, ஹேண்டிலை விட்டுட்டீங்களே! புள்ளை வளர்ந்தா வண்டியும் கூட வளரோணுமுங்க" என்றார்.

உண்மை அதுதான். ஆறாம் வகுப்பில் வாங்கிய வண்டி அது. அப்போது கைப்பிடியை அடிமட்டம் வரை இறக்கி வைத்தார்கள். பிள்ளை வளர வளர இருக்கையை மட்டும் உயர்த்தினார்கள். கைப்பிடி இருக்கையைவிட மூன்று அங்குலம் தாழ்ந்து கிடந்தது. குனிந்து ஓட்டியதால் உடலின் பாரம் உள்ளங்கைகளில் இறங்கிற்று. சுண்டுவிரலுக்குச் செல்லும் நரம்பு உள்ளங்கையின் ஓரமாகச் செல்கிறது. அது அழுந்தும்போது விரல்கள் மரத்துப்போகின்றன, பிடியும் தளர்கிறது. கழுத்து வலியும் தோள் வலியும் இதனாலேயே வருவதுண்டு.

எவ்வளவு உயரம் வேண்டும்?

முதலில் இருக்கையைச் சரிசெய்ய வேண்டும். இருக்கையில் அமர்ந்து, கீழ்நிலையில் உள்ள மிதியின் மீது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதன் பிறகே கைப்பிடி. பள்ளி செல்லும் பிள்ளைக்குக் கைப்பிடி இருக்கையின் மட்டத்திலோ, ஓரிரு அங்குலம் மேலாகவோ இருப்பது நலம். அளவுக்கு மீறி உயர்த்தினால் பாரம் முழுவதும் முதுகெலும்பின் அடியில் இறங்கும். முன்சக்கரமும் பிடிமானம் குறைந்து தள்ளாடும். ஆகவே அரை அங்குலம் அரை அங்குலமாக மாற்றி, சில நாட்கள் ஓட்டிப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

எப்படி உயர்த்துவது?

சாதாரண சைக்கிளில் கைப்பிடியின் தண்டு, முன் போர்க்கின் குழாய்க்குள் இறங்கியிருக்கும். தண்டின் உச்சியில் தெரியும் நீண்ட போல்ட், அதன் அடியில் உள்ள ஓர் ஆப்பை மேலே இழுத்துக் குழாயோடு இறுக்குகிறது. போல்ட்டை மூன்று நான்கு சுற்றுத் தளர்த்தி, அதன் தலைமீது மரத்துண்டு ஒன்றை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் ஆப்பு கழலும். பிறகு கைப்பிடி எளிதாக மேலே வரும். துருப்பிடித்திருந்தால் எண்ணெய் விட்டு ஓரிரவு வைக்கலாம்.

இதைக் கேட்ட தந்தை, "அப்படியானால் முடிந்தவரை ஏற்றிவிடுங்கள்" என்றார். கடைக்காரர் உடனே தடுத்தார். தண்டில் ஓர் எல்லைக்கோடு இருக்கும். அது வெளியே தெரியும்படி உயர்த்தக் கூடாது. கோடு இல்லாவிட்டால் இரண்டரை அங்குலமாவது குழாய்க்குள் இருக்க வேண்டும். இல்லையேல் ஓடும்போதே தண்டு முறியலாம், அல்லது கைப்பிடி கையோடு வந்துவிடலாம்.

மற்றொன்று பிரேக். கம்பி பிரேக் உள்ள வண்டியில் கைப்பிடியை உயர்த்தினால் கம்பியும் மேலே இழுபட்டு, பிரேக் கட்டை ரிம்மில் உரசும். தாழ்த்தினாலோ பிரேக் பிடிக்காமலே போகும். எனவே கம்பியின் இணைப்பைத் தளர்த்தி மறுபடி பொருத்த வேண்டும். ஒயர் பிரேக்கில், கைப்பிடியை இருபுறமும் முழுவதும் திருப்பும்போது ஒயர் இழுபடாமல் இருக்க வேண்டும்.

இறுதியில் முன்சக்கரத்தை இரு முழங்கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் திருகிப் பார்க்க வேண்டும். அசைந்தால் போல்ட்டை இன்னும் இறுக்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது நம்பிக்கை வைக்கும்படி அறிவுறுத்திய பெருமானார் (ஸல்) அவர்களின் உம்மத் அல்லவா நாம்!

புதுவகைக் கியர் சைக்கிள்கள் பலவற்றில் இந்த ஆப்பு கிடையாது. அவற்றின் உச்சித் திருகு உயரத்துக்கானதன்று. அதனை வீட்டில் கழற்றாமல் கடையில் கொடுப்பதே நன்று.

வண்டியில் தவறு, பிள்ளையில் அன்று

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அவர்களுள் நம் சமுதாயப் பெண்களும் இருந்தார்கள். பெண்களுக்கான வண்டி போதாதபோது ஆண்களுக்கான வண்டியையே அவர்கள் ஓட்டினார்கள். 2005-06 முதல் தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியருக்காக விரிந்தது. ஆக, "பெண்பிள்ளைக்குச் சைக்கிள் ஒத்துவராது" என்பது பொருந்தாப் பேச்சு. ஒத்துவராதது வண்டியின் அளவு மட்டுமே.

அன்று அந்தப் பிள்ளையின் வண்டியில் கைப்பிடி மூன்றரை அங்குலம் உயர்ந்தது. பதினைந்து நிமிட வேலை. மூன்று வாரங்களில், அல்ஹம்துலில்லாஹ், அவளுடைய ஸீனின் பற்கள் மீண்டும் தனித்தனியே நின்றன. வண்டி ஓட்டாத வேளையிலும் மரப்பு நீடித்தால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

உடலுக்கும் நம்மீது உரிமை உண்டென்று பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். பிள்ளைகளின் உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பெருநாளுக்குப் பெருநாள் புதுச்சட்டைக்கு அளவெடுக்கிறோம். அன்றைக்கே சைக்கிளுக்கும் ஒருமுறை அளவு பார்த்துவிடுங்கள் பெற்றோர்களே! பிள்ளை வலிக்கிறது என்று சொன்னால், கடிந்துகொள்ளும் முன் என்னைப் போல் தவறாமல், வண்டியைப் பாருங்கள்.