அரைக் கிண்ணக் கஞ்சியின் கணக்கு

மைசூரு மாநகரின் மேற்குப் பகுதியில், முதல் ஸ்டேஜ், இரண்டாம் ஸ்டேஜ் என நான்கு ஸ்டேஜ்களாக விரிந்து கிடக்கிறது விஜயநகர். பணியிலிருப்போரும் ஓய்வு பெற்றோரும், கன்னடம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் குடியிருப்பு அது. அங்கே ஒரு வீட்டில் குழந்தைக்கு ஆறு மாதம் நிறைகிறது என்றால், முதல் உணவு எது என்னும் பேச்சு தானே எழும். கன்னட வீட்டுப் பாட்டி 'ராகி சரி' என்பார். தமிழ் வீட்டுப் பாட்டி கேழ்வரகுக் கஞ்சி என்பார். பெயர்தான் வேறு, தானியம் ஒன்றே. இளம் தாயோ, கடையில் விற்கும் டப்பா உணவு இதைவிடச் சத்தானதாக இருக்குமோ என்று ஐயுறுவார்.

இந்த ஐயத்திற்கான விடை, விஜயநகருக்கு அருகிலேயே, கே.ஆர்.எஸ். சாலையில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆராயப்பட்டது. எந்தத் தானியம் என்பதோடு, அரைக் கிண்ணக் கஞ்சியில் எவ்வளவு மாவு இருக்கிறது என்பதும் குழந்தையின் வளர்ச்சியை முடிவு செய்கிறது என்பதே அந்த விடையின் சாரம்.

ஆறாம் மாதத்தில் நிகழ்வது என்ன?

பிறந்தது முதல் ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். தண்ணீர்கூடத் தேவையில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் பின்னர் தாய்ப்பாலுடன் இணை உணவும் தொடங்கப்பட வேண்டும். தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம்.

ஆறு மாதம் என்னும் வரையறைக்குக் காரணங்கள் உண்டு. தாயின் கருவறையில் இருந்தபோது குழந்தை சேமித்த இரும்புச்சத்து ஏறக்குறைய இந்தக் காலத்தில் தீரத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு. வளரும் உடலுக்குத் தேவையான ஆற்றலும் தாய்ப்பால் தரும் அளவைத் தாண்டிவிடுகிறது. அதே சமயத்தில் குழந்தையும் உணவுக்குத் தயாராகிறது. கழுத்து நிலைத்து நிற்கும். சாய்மானம் கொடுத்தால் உட்காரும். வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளும் வழக்கம் குறையும். பிறர் உண்பதைக் கண்டால் வாய் திறக்கும்.

ஆயினும் இந்தக் கட்டத்தைப் பல குடும்பங்கள் தவறவிடுகின்றன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் தாய்ப்பாலுடன் திட அல்லது அரைத்திட உணவும் பெற்றவர்கள் 45.9 விழுக்காட்டினர் மட்டுமே. ஆறு முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளில் போதிய உணவு பெற்றவர்கள் 11.3 விழுக்காட்டினர். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 67.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. வறுமை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. உணவு இருக்கும் வீட்டிலும் கஞ்சி நீர்த்துப்போனால் குழந்தை மெலியும்.

சிறு வயிறு, பெரும் தேவை

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாய்ப்பால் பெறும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்கு இணை உணவிலிருந்து நாளொன்றுக்குச் சராசரியாக 200 கலோரி தேவை. ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் அது 300 ஆகவும், இரண்டாம் ஆண்டில் 550 ஆகவும் உயரும். ஆனால் ஏழு மாதக் குழந்தையால் ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம், அதாவது சுமார் 125 மில்லி லிட்டர்தான் உண்ண முடியும்.

கேழ்வரகு மாவு 100 கிராமில் ஏறத்தாழ 320 கலோரி உள்ளது. அரைக் கிண்ணக் கஞ்சியில் இரண்டு தேக்கரண்டி, அதாவது ஆறு கிராம் மாவு மட்டும் இருந்தால் கிடைப்பது 20 கலோரிக்கும் குறைவு. இரண்டு வேளை ஊட்டினாலும் 40 கலோரியைத் தாண்டாது. வயிறு நிறைந்துவிடும், குழந்தை மேற்கொண்டு கேட்காது, தாயும் நிம்மதியடைவார். ஆனால் தேவையில் ஐந்தில் ஒரு பங்குகூட அந்த வயிற்றுக்குள் சென்றிருக்காது.

அப்படியானால் மாவைக் கூட்டிவிட்டால் என்ன? அதே அரைக் கிண்ணத்தில் 25 கிராம் மாவு சேர்த்தால் 80 கலோரி கிடைக்கும். ஆனால் சாதாரண மாவில் அவ்வளவு சேர்த்தால் கஞ்சி களியாக இறுகிவிடும். பல் முளைக்காத குழந்தையால் அதை விழுங்க இயலாது. இறுகியதைக் கண்ட தாய் தண்ணீர் ஊற்றுவார். கஞ்சி மீண்டும் நீர்த்துப்போகும். கஞ்சி உண்டு வளரும் குழந்தைகள் உள்ள நாடுகள் பலவற்றிலும் ஊட்டச்சத்து அறிஞர்களைச் சிந்திக்க வைத்த சிக்கல் இது.

செலுவாம்பா மாளிகையின் விடை

மைசூரு அரச குடும்பத்தின் செலுவாம்பா மாளிகையில் 1950 அக்டோபரில் தொடங்கப்பட்டது மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன். குழந்தை உணவு தொடக்கம் முதலே அந்த நிலையத்தின் அக்கறைகளுள் ஒன்றாக இருந்தது. எருமைப்பாலிலிருந்து குழந்தைகளுக்கான பால்மாவு தயாரிக்கும் முறையை 1950-களில் உருவாக்கியவர்கள் அதன் அறிவியலாளர்களே. அமுல் நிறுவனம் அம்முறையைக் கொண்டு பால்மாவைச் சந்தைக்குக் கொணர்ந்தது.

அதே நிலையத்தைச் சேர்ந்த என்.ஜி. மல்லேஷியும் எச்.எஸ்.ஆர். தேசிகாச்சாரும் 1980-களின் தொடக்கத்தில் முளைகட்டிய கேழ்வரகையும் முளைகட்டிய பாசிப்பயறையும் கொண்டு ஓர் இணை உணவை வடிவமைத்தனர். சூடான நிலையில் இறுகாமல் இளகி நிற்பதே அதன் சிறப்பு.

காரணம் எளியது. தானியம் முளைவிடும்போது, இளம் முளைக்கு உணவளிப்பதற்காக அமைலேஸ் என்னும் நொதி அதனுள் உருவாகிறது. மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை அது சிறு துண்டுகளாக வெட்டுகிறது. நீரை உறிஞ்சி உப்பிக் கஞ்சியை இறுகச் செய்பவை அந்த நீண்ட சங்கிலிகள்தாம். அவை வெட்டுப்பட்டால், அதே அளவு மாவு இருந்தும் கஞ்சி கரண்டியிலிருந்து வழியும் பதத்தில் இருக்கும். தண்ணீர் கூடவில்லை, ஆற்றலும் குறையவில்லை. 25 கிராம் மாவும் குழந்தையின் வயிற்றை அடைகிறது. அதில் ஒரு தேக்கரண்டி நெய் சேர்த்தால் மேலும் 45 கலோரி. இரண்டு வேளையில் 200 என்னும் எல்லையைக் கடந்துவிடலாம்.

பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் இதே நொதியை வேறு வழியில் பயன்படுத்தினார். கெட்டியாகச் சமைத்த எந்தக் கஞ்சியிலும் சிறிதளவு முளைத் தானிய மாவைக் கலந்தால் அது சில நிமிடங்களில் இளகிவிடும் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். முளைகட்டி அரைக்கும் பாட்டியின் கைப்பழக்கத்திற்கு அறிவியல் அளித்த விளக்கம் என்று இவ்வாய்வுகளைக் கொள்ளலாம்.

கேழ்வரகு இதற்கு மிகவும் ஏற்றது. சிறுதானியங்களில் முளைவிடும்போது அமைலேஸ் நொதி நன்கு உருவாகும் தானியம் அது. 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும் உண்டு. தானியங்களில் இது மிக உயர்ந்த அளவு. இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் ஃபைட்டேட்டும் முளைகட்டுவதால் குறைகிறது. ஆனால் வெள்ளைச் சோளத்தை இவ்வாறு முளைகட்டிக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. சோள முளையில் சயனைடை வெளியிடும் பொருள் உருவாகும்.

வீட்டில் செய்யும் முறை

கேழ்வரகைக் கல், உமி நீக்கிப் பலமுறை கழுவி, ஓர் இரவு ஊற வைக்க வேண்டும். நீரை வடித்துச் சுத்தமான துணியில் கட்டி, அவ்வப்போது நீர் தெளித்து, ஒன்றரை முதல் இரண்டு நாள் வரை முளைக்கவிட வேண்டும். பூசணமோ புளித்த வாடையோ தோன்றினால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். முளைத்ததை நன்கு காய வைத்து, கையால் தேய்த்து முளை வேரை நீக்கி, இளஞ்சூட்டில் ஈரம் போகும்வரை மட்டும் புரட்டி எடுத்து அரைத்துச் சலிக்க வேண்டும். பாசிப்பயறையும் இதேபோல் முளைகட்டிக் காயவைத்துத் தோல் நீக்கி அரைக்கலாம். இரண்டு பங்கு கேழ்வரகுக்கு ஒரு பங்கு பயறு என்பது வீட்டுக்கு ஏற்ற அளவு.

இரண்டு இடங்களில் பலரும் தவறுகின்றனர். முதலாவது, மணம் வரும்வரை சிவக்க வறுப்பது. அதிகச் சூட்டில் நொதி அழிந்துவிடும். முளைகட்டிய உழைப்பில் பாதி வீணாகும். இரண்டாவது, கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டுவது. அப்போதும் நொதி வேலை செய்யும் முன்பே அழிந்துவிடும். மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, சிறு தீயில் மெல்லச் சூடாக்கிக் கிளற வேண்டும். சூடு 60 முதல் 70 டிகிரி செல்சியஸைக் கடக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் நொதி தன் வேலையை முடிக்கிறது. அதன் பிறகு கட்டாயம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். முளைகட்டும் ஈரத்தில் கிருமிகளும் பெருகியிருக்கலாம் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. சமைத்த கஞ்சியை இரண்டு மணி நேரத்திற்குள் ஊட்டிவிடுவது நல்லது.

கேழ்வரகு மட்டும் போதாது

முதல் நாள்களில் இரண்டு மூன்று கரண்டியே போதும். பிறகு அளவை மெல்ல உயர்த்தி, ஆறு முதல் எட்டு மாதத்தில் நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளையும், ஒன்பதாம் மாதம் முதல் மூன்று நான்கு வேளையும் கொடுக்கலாம். கேழ்வரகில் உள்ள இரும்புச்சத்து முழுவதும் உடலில் சேர்வதில்லை. எனவே பருப்பு, மசித்த கீரை, முட்டை, அசைவம் உண்ணும் வீடுகளில் மீனும் இறைச்சியும் தொடக்க மாதங்களிலேயே இடம்பெற வேண்டும். பருப்புச் சாதத்துடன் சிறிது தக்காளியோ, உணவுக்குப் பின் பப்பாளியோ கொய்யாவோ மசித்துக் கொடுத்தால், அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்து உடலில் சேரத் துணைசெய்யும். இரும்புச்சத்து மருந்தின் தேவை குறித்து மருத்துவரிடமோ அங்கன்வாடியிலோ கேட்டறியலாம்.

ஒரு வயது நிறையும் வரை தேன் கூடாது. அரிதாயினும் கடுமையான நச்சு நோய்க்கு அது வழிவகுக்கலாம். உப்பும் சர்க்கரையும் சேர்க்கத் தேவையில்லை. பசும்பாலைச் சமையலில் சிறிது சேர்க்கலாம். தாய்ப்பாலுக்கு மாற்றாக ஒரு வயதுக்கு முன் கொடுக்கலாகாது. முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை போன்றவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் மிக்ஸியில் கூழாக்குவதும் தவறே. எட்டு ஒன்பது மாதத்தில் சற்றுக் கரகரப்பான உணவைப் பழக்காவிட்டால் பின்னர் மெல்லத் தயங்கும் குழந்தைகள் உண்டு.

தலையைத் திருப்பிக்கொள்ளும் குழந்தையைப் பிடித்து ஊட்ட வேண்டாம். புதிய சுவையை ஏற்கப் பத்து முறைகூட ஆகலாம். பேசிக்கொண்டு, முகம் பார்த்து, பொறுமையாக ஊட்டுவதும் சத்தே.

டப்பாவும் வீட்டு மாவும்

டப்பா உணவு கெடுதலானது என்று சொல்வதற்கில்லை. இரும்புச்சத்து சேர்க்கப்பட்டவை, பயணத்திலும் நேரமின்மையிலும் கைகொடுக்கும். ஆனால் அவற்றில் சர்க்கரை சேர்ந்துள்ளதா என்று பொருள் பட்டியலைப் படித்தறிவது அவசியம். விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யும் நிலை தாய்மார்களுக்கு வரக் கூடாது என்றே நம் நாட்டில் 1992-இல் குழந்தை உணவுச் சட்டம் இயற்றப்பட்டது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கான உணவுகளை விளம்பரப்படுத்துவதை 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் தடை செய்தது. மாதந்தோறும் டப்பா வாங்கும் செலவையும், ஒரு கிலோ கேழ்வரகும் அரைக் கிலோ பயறும் வாங்கும் செலவையும் குடும்பக் கணக்கில் அருகருகே எழுதிப் பார்த்தால் வேறுபாடு தானே விளங்கும்.

இறுதியாக ஒரு கணக்கு உண்டு. தாய்-சேய் நல அட்டையில் குழந்தையின் எடையைக் குறிக்கும் வளர்ச்சிக் கோடு இருக்கிறது. வங்கிக் கணக்குப் புத்தகத்தில் வரவைப் பதிந்து சரிபார்ப்பதுபோல், மாதம் ஒருமுறை எடை பார்த்து அதில் புள்ளி வையுங்கள். கோடு மேலேறினால் கஞ்சி சரியாக இருக்கிறது. ஓரிரு மாதம் படுத்தே கிடந்தால் மருத்துவரைக் காணுங்கள். கூடவே, கிண்ணத்தில் எத்தனை கரண்டி மாவு விழுகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.