மருந்துக்கு முன் ஒரு மரபணுச் சோதனை

பணமில்லாதவருக்கும் தரமான புற்றுநோய் சிகிச்சை வேண்டும் என்றே 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். பெருங்குடல் புற்றுநோயில் அந்த நியாயம் இன்று மரபணுச் சோதனைவரை நீள வேண்டும். கட்டியின் வளர்ச்சிக்கு வெளியிலிருந்து வரும் கட்டளையைச் செட்டுக்சிமாப் என்ற மருந்து தடுக்கிறது. ஆனால் செல்லுக்குள் கே-ராஸ் மரபணு திரிந்திருந்தால், சுவிட்சை அணைத்தும் எரியும் விளக்கைப்போல வளர்ச்சி தொடரும். சுமார் 40 சதவீதக் கட்டிகளில் இத்திரிபு உண்டு. அத்தகைய கட்டி உள்ளவர்களுக்கு அந்த விலையுயர்ந்த மருந்து வீண். இதே புற்றுநோய்க்குத் தரப்படும் மற்றொரு மருந்தான ஃபுளூரோயுராசிலின் கதை வேறு. அதில் 80 சதவீதத்துக்கும் மேல் சிதைப்பது ஈரலின் ஒரு நொதி. பிறவியிலேயே அந்த நொதி குறைந்தவர்களுக்கு வழக்கமான அளவே நஞ்சாகலாம், உயிரையும் பறிக்கலாம். ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல் முன்சோதனையைப் பரிந்துரைத்தது இதனால்தான்.

செலவு கூடுமே என்பார்கள். சோதனை ஒருமுறைதான், பலிக்காத மருந்துக்கோ மாதக்கணக்கில் பணம் போகும். ஐரோப்பியரிடம் கண்ட, இந்த நொதிக்கான மரபணுத் திரிபுகளின் பட்டியல் நமக்குப் பொருந்துமா என்ற கேள்வி இன்னும் வலுவானது. அந்தப் பட்டியலில் நம் திரிபு இல்லாமல் போகலாம். அதனால், அந்த நொதி குறைந்தால் ரத்தத்தில் கூடும் யுராசிலின் அளவையும் பார்ப்பது நல்லது. முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் இந்தச் சோதனைகளைப் பற்றிக் கேளுங்கள்.